தீயணைக்கக் கற்ற சமையல்காரர்கள்

விமானந்தாங்கிக் கப்பல்களைப் பற்றிய போர் வரலாறுகளில் பெரும்பாலானவை விமானிகளின் வரலாறுகளாகவே எழுதப்பட்டுள்ளன. மிட்வே என்றதும் ஜப்பானியக் கப்பல்கள் மீது செங்குத்தாகப் பாய்ந்த குண்டுவீச்சு விமானங்கள்தான் நினைவுக்கு வருகின்றன. அதற்கு மேல் போனால் அட்மிரல்களின் பெயர்கள் வரும். ஆனால் பசிபிக் போரின் கடைசி ஆண்டுகளில் அமெரிக்காவின் எசெக்ஸ் வகைக் கப்பல் ஒவ்வொன்றிலும் 3,000 பேருக்குக் குறையாமல் வாழ்ந்தார்கள். அவர்களில் விமானத்தில் ஏறிப் பறந்தவர்கள் ஒரு சிறு பகுதியினர்தான். மற்றவர்கள் கொதிகலன் அறையில், சமையற்கட்டில், சலவைக் கூடத்தில், வெடிமருந்துக் கிடங்கில், விமானங்களைத் தள்ளும் மேல்தளத்தில் இருந்தார்கள். வரலாற்றில் இவர்களுக்கு ஒரு அடிக்குறிப்பு கிடைத்தால் அதிகம். எந்தக் கப்பல் அடிபட்டும் கரை சேர்ந்தது, எது கடலடிக்குப் போனது என்பதைப் பலமுறை முடிவு செய்தவர்கள் இவர்களே என்பது என் வாதம். தீயைப் பற்றிய அறிவு கடைசி மாலுமிவரை போய்ச் சேர்ந்த கப்பல்களுக்குப் பிழைக்க வழி இருந்தது. அந்த அறிவு ஒரு சிறு குழுவின் கையோடு நின்றுபோன கப்பல்கள், துணிச்சலுக்குக் குறைவே இல்லாதிருந்தும், எரிந்து மூழ்கின.

இதைப் புரிந்துகொள்ள முதலில் அந்த மாலுமி எதன் மேல் படுத்து உறங்கினார் என்பதைப் பார்க்க வேண்டும். எசெக்ஸ் வகைக் கப்பலின் நீளம் சுமார் 266 மீட்டர். அதன் வயிற்றில் சுமார் 9 லட்சம் லிட்டர் விமான பெட்ரோல் இருந்தது. தாகம் கொண்ட தொண்ணூறு விமானங்களுக்கு அதை எடுத்துப் போகும் குழாய்கள் கப்பல் முழுக்க ஓடின. இன்னொரு பக்கம் குண்டுகள், டார்பிடோக்கள், ராக்கெட்டுகள், பீரங்கித் தோட்டாக்கள். ஓடுதளத்தின் மேற்பரப்போ மரப்பலகை. போர்க்கப்பல்களிலேயே இவ்வளவு எளிதில் தீப்பற்றக்கூடிய பொருள்களை இவ்வளவு நெருக்கமாக அடுக்கி வைத்துக்கொண்டு எதிரியைத் தேடிப் போனது வேறு எதுவும் இல்லை. இவற்றுக்கு நடுவில், மூன்றடுக்கு நான்கடுக்காகத் தொங்கவிட்ட படுக்கைத் தட்டுகளில், வரைபடம் போட்டவர்கள் எண்ணியதைவிடப் பல நூறு பேர் கூடுதலாக நெருக்கி அடைக்கப்பட்டிருந்தார்கள். விமான எதிர்ப்புத் துப்பாக்கிகள் கூடக் கூட அவற்றை இயக்கும் ஆட்களும் கூடினார்கள். படுக்க இடம் மட்டும் கூடவில்லை.

நாள் விடிவதற்கு முன்பே தொடங்கிவிடும். சூரியன் எழும் நேரமும் விழும் நேரமும் தாக்குதலுக்கு உகந்தவை என்பதால் அந்த இரு வேளைகளிலும் எல்லோரும் போர்நிலைக்குப் போக வேண்டும். அபாய ஒலி கேட்டதும் ஆயிரக்கணக்கானோர் குறுகிய ஏணிகளில் ஓடுவார்கள். சில நிமிடங்களில் நீர்புகாக் கதவுகள் ஒவ்வொன்றாகத் திருகி மூடப்படும். அதன்பின் ஒவ்வொருவரும் தன் அறைக்குள் அடைபட்டவரே. காற்றோட்ட விசிறிகளும் பல இடங்களில் நிறுத்தப்படும். வெப்பமண்டலக் கடலில், நீராவிக் குழாய்களுக்கு நடுவே, வெளியே என்ன நடக்கிறது என்று தெரியாமல் மணிக்கணக்கில் நிற்க வேண்டும். சில கப்பல்களில் யாராவது ஒரு அதிகாரி ஒலிபெருக்கியில் சண்டையை விவரித்துச் சொல்வார். கீழே இருப்பவர்களுக்கு அதுதான் ஒரே சாளரம். மற்றபடி, தலைக்கு மேலே துப்பாக்கிகளின் ஒலி மாறுவதை வைத்தே எதிரி எவ்வளவு நெருங்கிவிட்டான் என்று கணித்துக்கொள்ளப் பழகியிருந்தார்கள். பெரிய துப்பாக்கிகள் ஓய்ந்து சிறியவை வெடிக்கத் தொடங்கினால் விமானம் மிக அருகில் வந்துவிட்டது என்று பொருள்.

நல்ல தண்ணீருக்குக் கட்டுப்பாடு இருந்தது. கடல்நீரைக் காய்ச்சி வடித்த நீர் முதலில் கொதிகலனுக்கு. மனிதர்கள் அதற்குப் பின்புதான். குளிப்பவர் உடம்பை நனைத்துக்கொண்டு குழாயை மூடிவிட வேண்டும். சோப்புப் போட்ட பிறகு மறுபடி திறந்து அலசிக்கொள்ளலாம். ஆனால் இதே கப்பலில் ரொட்டி அடுப்புகள், பல் மருத்துவர், முடிதிருத்தும் கடை, ஐஸ்கிரீம் கடை எல்லாம் இருந்தன. கடலில் விழுந்த விமானியைத் தூக்கிக் கொண்டுவந்து சேர்க்கும் சிறு நாசகாரிக் கப்பலுக்கு விமானந்தாங்கி ஐஸ்கிரீமாகக் கூலி கொடுக்கும் வழக்கமும் இருந்தது. வேலை, வரிசை, காத்திருப்பு, அரைகுறைத் தூக்கம் இவைதான் வாழ்க்கை. சாப்பாட்டுக்கு வரிசை, சலவைக்கு வரிசை. போர் என்பது மாதத்தில் சில மணி நேரம் மட்டுமே. அந்தச் சில மணி நேரத்தில் ரொட்டி சுடுபவரும் முடிதிருத்துபவரும் வேறு ஆளாக மாறிவிட வேண்டும். ஒருவர் தோட்டா தூக்குவார், ஒருவர் காயம்பட்டவரைச் சுமப்பார், ஒருவர் தண்ணீர்க் குழாயைப் பிடிப்பார். எப்படிப் பிடிக்க வேண்டும் என்று அவருக்கு யாராவது சொல்லிக்கொடுத்திருந்தார்களா என்பதுதான் கேள்வி.

1942 மே 8 அன்று பவளக் கடல் சண்டையில் 'லெக்சிங்டன்' இரண்டு டார்பிடோக்களையும் இரண்டு குண்டுகளையும் வாங்கியது. தீ அணைக்கப்பட்டது, சாய்வு சரிசெய்யப்பட்டது, விமானங்கள்கூட மீண்டும் வந்து இறங்கின. கப்பல் தப்பிவிட்டது என்றே எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் டார்பிடோ அதிர்ச்சியில் பெட்ரோல் தொட்டிகள் விரிசல் கண்டிருந்தன. ஆவி கண்ணுக்குத் தெரியாமல் அறை அறையாகப் பரவியது. நண்பகல் தாண்டி 12.47-க்கு, ஓடிக்கொண்டிருந்த மின் இயந்திரம் ஒன்றின் பொறியில் அது வெடித்தது. அடுத்தடுத்த வெடிப்புகளுக்குப் பிறகு மாலையில் கப்பலைக் கைவிட்டார்கள். 216 பேர் மாண்டார்கள். 2,700-க்கும் மேற்பட்டோர் காப்பாற்றப்பட்டார்கள். எதிரியின் குண்டு செய்யாததைச் சொந்தப் பெட்ரோலின் ஆவி செய்து முடித்தது.

இங்கேதான் என் வாதத்துக்கு முதல் சான்று கிடைக்கிறது. அதே சண்டையில் அடிபட்ட 'யார்க்டவுன்' கப்பலில் விமான எரிபொருளுக்குப் பொறுப்பாக இருந்தவர் ஆஸ்கர் மையர்ஸ். பெரிய பதவியில் இருந்தவர் அல்லர். இயந்திரப் பிரிவில் வேலை பார்த்துப் படிப்படியாக மேலே வந்தவர். லெக்சிங்டனுக்கு நேர்ந்ததைக் கேட்டறிந்த அவர் ஒரு யோசனை சொன்னார். சண்டைக்கு முன்பே பெட்ரோல் குழாய்களை வடித்துவிட்டு, அவற்றில் கார்பன் டை ஆக்சைடு வாயுவை நிரப்பி வைத்தால் என்ன? குழாய் உடைந்தாலும் எரிவதற்கு உள்ளே ஒன்றும் இருக்காது. நான்கே வாரத்துக்குள், ஜூன் 4 அன்று மிட்வேயில், யார்க்டவுன் மேல் மூன்று குண்டுகள் விழுந்தபோது பெட்ரோல் தீ மூளவில்லை. இந்த முறை பின்னர் அமெரிக்க விமானந்தாங்கிகள் எல்லாவற்றுக்கும் பரவியது. மேலிடத்து ஆய்வுக்குழுவின் அறிக்கைக்காகக் காத்திராமல், குழாயோடு தினமும் பழகியவர் கண்ட தீர்வு அது. அதைவிட முக்கியமானது, அவர் சொன்னதை மேலே இருந்தவர்கள் காதுகொடுத்துக் கேட்டார்கள்.

அன்றைக்கு அதே கப்பலின் அடியில் இன்னொன்றும் நடந்தது. குண்டுகளில் ஒன்று புகைபோக்கி வழிகளைச் சிதைத்துவிட்டதால் புகை திரும்பிக் கொதிகலன் அறைகளுக்குள் இறங்கியது. ஒரே ஒரு கொதிகலனைத் தவிர மற்றவை அணைந்தன, கப்பல் நின்றுவிட்டது. மிஞ்சிய ஒன்றை சார்லஸ் கிளைன்ஸ்மித் என்ற கொதிகலன் மாலுமியும் அவருடைய ஆட்களும் மூச்சுத் திணறத் திணற எரியவிட்டுக்கொண்டே இருந்தார்கள். பம்புகளும் துணை இயந்திரங்களும் ஓடியது அந்த நீராவியில்தான். இரண்டு மணி நேரத்துக்குள் மற்றவற்றில் சிலவும் மூட்டப்பட்டுக் கப்பல் 20 நாட் வேகத்தை நெருங்கியது. அடுத்து வந்த ஜப்பானிய விமானிகள் இதை அடிபடாத வேறொரு கப்பல் என்றே நினைத்துத் தாக்கினார்கள். அந்த இரண்டாவது தாக்குதலின் டார்பிடோக்களில் யார்க்டவுன் வீழ்ந்தது, கிளைன்ஸ்மித்தும் மாண்டார் என்பது உண்மை. ஆனால் எதிரியின் எஞ்சிய பலம் முழுவதும் ஏற்கெனவே செத்துப்போனதாக எண்ணப்பட்ட ஒரு கப்பல் மேலேயே செலவாயிற்று. 'என்டர்பிரைஸ்', 'ஹார்னெட்' இரண்டும் அன்று தொடப்படவே இல்லை. மிட்வேயின் வெற்றிக் கணக்கில் அந்த ஒற்றைக் கொதிகலனுக்கும் பங்கு உண்டு.

கொதிகலன் அறை என்றதும் நம் 'விக்ராந்த்' நினைவுக்கு வராமல் இராது. 1971-இல் சென்னைத் துறைமுகத்துக்கும் பிறகு விசாகப்பட்டினத்துக்கும் வந்த அந்தக் கப்பலின் நான்கு கொதிகலன்களில் ஒன்று விரிசல் கண்டு பயனற்றுப் போயிருந்தது. மூன்றை வைத்துக்கொண்டு, குறைந்த வேகத்தில், அது வங்கக் கடலில் போருக்குப் போனது. காக்ஸ் பஜார், சிட்டகாங் மீது குண்டு வீசிய விமானங்களை நாம் அறிவோம். அழுத்தம் ஏறும் ஒவ்வொரு முறையும் எஞ்சிய மூன்றும் தாங்குமா என்ற கேள்வியோடு அவற்றின் முன்னால் நின்றவர்களைப் பற்றி எத்தனை பக்கங்கள் எழுதப்பட்டிருக்கின்றன?

பசிபிக்குக்குத் திரும்புவோம். 1942-இல் அமெரிக்கா நான்கு பெரிய விமானந்தாங்கிகளை இழந்தது. ஒவ்வொரு இழப்பும் ஒரு பாடமாயிற்று. செப்டம்பரில் 'வாஸ்ப்' மூன்று டார்பிடோக்களில் அடிபட்டபோது முதல் வெடிப்பிலேயே தண்ணீர்க் குழாய்கள் உடைந்துவிட்டன. தீயின் முன் ஆட்கள் வெறும் கையோடு நின்றார்கள். இதன் பிறகு கப்பலின் மின்சாரத்தையோ நீராவியையோ நம்பாமல் தனியே ஓடும் சிறு பெட்ரோல் பம்புகள் கப்பல்களில் ஏறின. தண்ணீரைத் தாரையாகப் பீய்ச்சாமல் பனிமூட்டம் போல் தூவும் குழாய்முனைகள் வந்தன. எரியும் எண்ணெயின் மேல் தாரையாகத் தண்ணீர் விழுந்தால் எண்ணெய் மிதந்து பரவும். மூட்டமாகத் தூவினால் வெப்பத்தைக் குடித்துத் தீயை அடக்கும், பிடித்திருப்பவரின் முகத்தையும் காக்கும். இதைக் கண்டறிந்து சொன்னவர்கள் நியூயார்க், பாஸ்டன் போன்ற நகரங்களின் தீயணைப்புத் துறைகளில் வருஷக்கணக்கில் வேலை பார்த்தவர்கள். கடற்படை அவர்களைத் தேடிப் பிடித்துப் பள்ளிகள் தொடங்கியது. எண்ணெய் ஊற்றிக் கொளுத்திய இரும்பு அறைகளுக்குள் மாலுமிகளை இறக்கிப் பழக்கினார்கள். பண்ணையிலிருந்து வந்த பதினெட்டு வயதுப் பையன் முதன்முதலில் தீயைக் கிட்டத்தில் பார்த்தது போர்க்களத்தில் அல்ல, அந்தப் பள்ளியில்தான் என்று ஆயிற்று. பயம் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் பயப்படும்போது கைகள் என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்திருந்தது.

எதிர்ப்பக்கத்தில் நிலைமை வேறாக இருந்தது. ஜப்பானியக் கடற்படையில் சேதக் கட்டுப்பாடு என்பது தனிப் பயிற்சி பெற்ற ஒரு குழுவின் வேலை. அந்தக் குழு முதல் குண்டிலேயே மாண்டுவிட்டால் அருகில் நின்றிருக்கும் நூற்றுக்கணக்கானவர்களுக்குக் குழாய்களும் வால்வுகளும் அந்நியமானவை. மிட்வேயில் 'அகாகி'யைச் சரியாகத் தாக்கியது ஒரே ஒரு குண்டு. மூடிய விமானக் கூடத்துக்குள் எரிபொருளும் ஆயுதமும் நிரப்பி நின்ற விமானங்களுக்கு நடுவில் அது வெடித்தது. அதன்பின் தீயை யாராலும் பிடிக்க முடியவில்லை. 1944 ஜூன் 19 அன்று நடந்தது இதைவிடத் துயரமானது. 'டைஹோ' ஜப்பான் கட்டியவற்றிலேயே மிக நவீனமான விமானந்தாங்கி. ஓடுதளமே கவசத் தகடு போர்த்தியது. சேவைக்கு வந்து நான்கு மாதம்கூட ஆகவில்லை. காலையில் அமெரிக்க நீர்மூழ்கி 'அல்பக்கோர்' எய்த ஒரே ஒரு டார்பிடோ அதன் மேல் பாய்ந்தது. வேகம் பெரிதாகக் குறையவில்லை. ஆனால் பெட்ரோல் கசிந்தது. ஆவியை வெளியேற்றலாம் என்று எண்ணிக் கப்பலின் காற்றோட்ட விசிறிகள் எல்லாவற்றையும் ஓடவிட்டார்கள். கொல்லும் ஆவி கப்பலின் மூலைமுடுக்குக்கெல்லாம் போய்ச் சேர்ந்தது. ஆறு மணி நேரத்துக்குப் பிறகு, பிற்பகல் இரண்டரை மணிக்கு, அது வெடித்துக் கவச ஓடுதளம் மேல்நோக்கிப் புடைத்துக்கொண்டது. லெக்சிங்டனில் நடந்ததேதான், இரண்டு ஆண்டுகள் கழித்து, எதிரியின் கப்பலில். ஒரு பக்கம் பாடமாகிப் போனது மறுபக்கம் மரணமாக வந்தது.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. பசிபிக் போரை வென்றது அமெரிக்கத் தொழிற்சாலைகள், மாலுமிகளின் பயிற்சி அல்ல என்பது அது. எசெக்ஸ் வகையில் மட்டும் 24 கப்பல்கள் கட்டிமுடிக்கப்பட்டன. ஜப்பானால் அதற்கு ஈடுகொடுக்க வழியே இல்லை. ஒன்றிரண்டு கப்பல் கூடுதலாக மூழ்கியிருந்தாலும் முடிவு மாறியிருக்காது என்பார்கள். போரின் முடிவைப் பற்றிய கேள்வி என்றால் இதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஒரு மாலுமியின் வாழ்க்கைக் கேள்வி அது இல்லை. தன் தலைக்கு மேல் தீ எரியும்போது, நாட்டில் இன்னும் பத்துக் கப்பல் கட்டப்படுகிறது என்ற செய்தி அவருக்கு எதற்குப் பயன்படும்? அவர் ஏறியிருக்கும் கப்பல் பிழைக்குமா என்பதே கேள்வி. எசெக்ஸ் வகைக் கப்பல்களில் ஒன்றுகூடப் போரில் மூழ்கவில்லை. அவை அடிபடாதவை என்பதால் அல்ல. 'ஃபிராங்க்ளின்', 'பங்கர் ஹில்', 'இன்ட்ரெபிட்' ஆகியவை பட்ட அடிகள், 1942-இல் மூழ்கிய கப்பல்கள் பட்டவற்றுக்குக் குறைந்தவை அல்ல.

சிறந்த வடிவமைப்புதான் காரணம் என்பார் வேறொருவர். எசெக்ஸ் வகை முந்தையவற்றைவிடச் சிறப்பாக வடிவமைக்கப்பட்டது, விமானக் கூடத்தின் பக்கங்கள் திறந்திருந்ததால் ஆவி தேங்காது, எரியும் விமானத்தைக் கடலில் தள்ளலாம் என்பதெல்லாம் சரியே. ஆனால் வடிவமைப்பு மட்டும் போதுமானால் கவசத் தளமும் புத்தம்புது இயந்திரங்களும் கொண்ட டைஹோ ஒரு டார்பிடோவில் போயிருக்கக் கூடாது. இதற்கு நேர்மாறாக, ஜப்பானின் 'ஷோகாகு' பவளக் கடலிலும், பிறகு 1942 அக்டோபரில் சாண்டா குரூசிலும் பல குண்டுகளைத் தாங்கித் தப்பி வந்தது. அனுபவம் பழுத்த ஆட்கள் இருந்த கப்பல் அது. ஜப்பானியர்களால் முடியாது என்று இல்லை. தெரிந்தவர்கள் இருந்த இடத்தில் முடிந்தது. அந்தக் கப்பலின் அனுபவம் ஒவ்வொரு கப்பலின் ஒவ்வொரு மாலுமிக்கும் போய்ச் சேரவில்லை என்பதே குறை. 1944 நவம்பரில் பிரம்மாண்டமான 'ஷினானோ', சேவையில் சேர்ந்து பத்தே நாளில், முதல் பயணத்திலேயே நான்கு டார்பிடோக்களில் மூழ்கியபோது அதன் நீர்புகா அமைப்புகளே முழுமை பெற்றிருக்கவில்லை. அதில் இருந்த பெரும்பாலோருக்குக் கப்பலைச் சுற்றிப் பார்க்கவும் நேரம் கிடைத்திருக்காது. 1,400-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

பயிற்சிக்கும் எல்லை உண்டு என்பதையும் சொல்லியாக வேண்டும். 1942 ஏப்ரல் 9 அன்று மட்டக்களப்புக்கு அப்பால் கடலில் பிரிட்டனின் 'ஹெர்மிஸ்' மூழ்கியது. முதல் நாள் திருகோணமலையிலிருந்து புறப்பட்ட அந்தக் கப்பலில் தற்காப்புக்கு ஒரு விமானம்கூட இல்லை. சில நிமிடங்களுக்குள் நாற்பது குண்டுகள் வரை அதன் மேல் விழுந்தன. 307 பேர் கப்பலோடு போனார்கள். உலகத்தின் சிறந்த தீயணைப்புப் பள்ளியில் படித்தவர்களாலும் அங்கே செய்வதற்கு ஒன்றும் இருந்திருக்காது. தளபதிகள் தவறான இடத்துக்கு அனுப்பிய கப்பலை மாலுமிகளின் அறிவு மீட்டுவிடும் என்று வாதாடினால் அது மேலிருப்பவர்களின் பிழையைக் கீழிருப்பவர்களின் தலையில் கட்டுவதாகிவிடும். நான் சொல்ல வருவது வேறு: பிழைக்க வாய்ப்பு இருந்த கப்பல்களில், அந்த வாய்ப்பைக் கைப்பற்றியதும் நழுவவிட்டதும் கடைநிலையில் இருந்த அறிவே.

இதை முழுமையாகக் காட்டும் கப்பல் ஃபிராங்க்ளின். 1945 மார்ச் 19 அதிகாலை அது ஜப்பான் கரையிலிருந்து 80 கிலோமீட்டர் தொலைவில் இருந்தது. முந்தைய இரவில் ஆறு மணி நேரத்துக்குள் பன்னிரண்டு முறை போர்நிலைக்கு அழைக்கப்பட்ட மாலுமிகள் தூக்கமின்றித் தள்ளாடினார்கள். காலையில் எச்சரிக்கை நிலை சற்றுத் தளர்த்தப்பட்டு, பல நாளைக்குப் பிறகு சூடான சாப்பாட்டுக்காக விமானக் கூடத்தில் நீண்ட வரிசை நின்றது. மேலே, பெட்ரோலும் குண்டுகளும் நிரப்பிய 31 விமானங்கள் புறப்படத் தயாராக இருந்தன. ஏழு மணி தாண்டிச் சில நிமிடங்களில் மேகத்திலிருந்து இறங்கிய ஒற்றை விமானம் இரண்டு குண்டுகளைப் போட்டது. வரிசையில் நின்றவர்களில் அநேகமாக யாரும் மிஞ்சவில்லை. கப்பலின் சொந்தக் குண்டுகளும் ராக்கெட்டுகளும் மணிக்கணக்கில் வெடித்துக்கொண்டே இருந்தன. இறந்தவர்கள் 800 பேர் அளவில் இருக்கும்.

கீழே ஒரு சாப்பாட்டுக் கூடத்தில் சுமார் 300 பேர் புகைக்குள் அடைபட்டுக் கிடந்தார்கள். அவர்களை மீட்டவர் டொனால்ட் கேரி. சாதாரண மாலுமியாகச் சேர்ந்து, நீண்ட காலம் இயந்திர அறைகளில் உழைத்து, பின்னாளில்தான் அதிகாரியானவர். இருட்டில், காற்றோட்டக் குழாய் வழியாக மேல்தளத்துக்கு ஒரு பாதை இருக்கிறது என்பதைத் தேடிக் கண்டுபிடித்தார். திரும்பி வந்து ஒரு கூட்டத்தை அழைத்துப் போனார். மறுபடி வந்தார். மூன்றாம் முறையும் வந்தார். இதை வீரம் என்று மட்டும் சொல்லி முடித்துவிடுவது அவருக்குச் செய்யும் குறை. வீரம் அந்தக் கூடத்தில் இருந்த 300 பேருக்கும் இருந்திருக்கும். கப்பலின் குடலுக்குள் எந்தக் குழாய் எங்கே போகிறது என்ற அறிவு அவரிடம் இருந்தது; வருஷக்கணக்கில் கைகளில் கறை படியக் கிடைத்த அறிவு. அவருக்கும், எரியும் தளத்தில் ஆட்களைத் திரட்டிக் குழாய் பிடித்த பாதிரியார் ஜோசப் ஓகலகனுக்கும் நாட்டின் உயரிய வீர விருது கிடைத்தது. ஃபிராங்க்ளின் சொந்த இயந்திரத்திலேயே 12,000 மைல் கடந்து ஏப்ரல் 28 அன்று நியூயார்க் போய்ச் சேர்ந்தது.

அந்தக் கப்பலின் கதையில் ஒரு கசப்பும் உண்டு. தீ சூழ்ந்து கடலில் குதிக்க நேர்ந்தவர்களும், அருகில் வந்த கப்பலுக்கு மாறியவர்களும் அனுமதியின்றிக் கப்பலைவிட்டு ஓடியவர்கள் என்று கேப்டன் லெஸ்லி கெரெஸ் குற்றம் சாட்டினார். வெடிப்பில் தூக்கி எறியப்பட்டவர்கள்கூட அந்தப் பழியிலிருந்து தப்பவில்லை. கடைசிவரை கப்பலில் இருந்த 700 பேர் அளவிலானோர் தனிக் கூட்டமாகப் போற்றப்பட, மற்றவர்கள் பல ஆண்டுகள் தலைகுனிவைச் சுமந்தார்கள். கடற்படை அந்த வழக்குகளை நடத்தவில்லை என்பது ஆறுதல். ஆனால் சொன்ன சொல் நிலைத்துவிட்டது. அறிவைக் கீழேவரை பகிர்ந்த அதே கடற்படை, மதிப்பை அப்படிப் பகிரவில்லை.

இது கறுப்பின மாலுமிகள் விஷயத்தில் இன்னும் வெளிப்படையாகத் தெரிந்தது. அவர்களில் பெரும்பாலோருக்கு அதிகாரிகளுக்குப் பரிமாறுவது, படுக்கை விரிப்பது போன்ற வேலைகளே தரப்பட்டன. 'இன்ட்ரெபிட்' கப்பலில் அப்படிப்பட்ட பணியாளர்கள் துப்பாக்கிப் பயிற்சி பெற்று ஒரு துப்பாக்கி மேடையைத் தாங்களே இயக்கினார்கள். 1944 அக்டோபர் 29 அன்று அந்த மேடையை நோக்கியே ஒரு ஜப்பானிய விமானம் பாய்ந்து வந்தது. அவர்கள் இடத்தைவிட்டு நகராமல் கடைசி நொடிவரை சுட்டார்கள். பலர் அங்கேயே மாண்டார்கள். உயிர் பிழைத்த அலோன்சோ ஸ்வானுக்கு உரிய உயர் விருது, நீண்ட போராட்டத்துக்குப் பிறகு 1993-இல்தான் கைக்கு வந்தது. பரிமாறுபவரால் துப்பாக்கியை இயக்க முடியும், தீயை அணைக்க முடியும் என்று போர் மெய்ப்பித்த பிறகும், அதை ஒப்புக்கொள்ள ஒரு நாட்டுக்கு அரை நூற்றாண்டு பிடித்தது.

போரில் கற்றது அமைதிக் காலத்தில் கரைந்துவிடும் என்பதற்கு 1967 ஜூலை 29 சாட்சி. வியட்நாமுக்கு அப்பால் டோங்கின் வளைகுடாவில் 'ஃபாரஸ்டல்' தளத்தில் மின் கோளாறால் ஒரு ராக்கெட் தானே பாய்ந்து, எதிரே நின்ற விமானத்தின் எரிபொருள் தொட்டியைக் கிழித்தது. தீக்குள் கிடந்த குண்டுகளில் சில பழைய சரக்கு, சூடு தாங்காதவை. தீயணைப்புக் குழுவின் தலைவர் ஜெரால்ட் ஃபேரியர் கையில் ஒரு சிறு தீயணைப்பானோடு குண்டை நோக்கி ஓடினார். ஒன்றரை நிமிடத்தில் முதல் குண்டு வெடித்தது. அவரும் பயிற்சி பெற்ற குழுவினரில் பெரும்பாலோரும் அந்த ஒரே வெடிப்பில் போய்விட்டார்கள். பிறகு குழாயைப் பிடித்தவர்கள் பயிற்சி இல்லாதவர்கள். துணிச்சல் மட்டும் உள்ளவர்கள். ஒரு குழு நுரையைப் போர்த்த, இன்னொரு குழு அதன் மேலேயே கடல்நீரைப் பாய்ச்சி நுரையைக் கழுவிவிட்டது. எரியும் எண்ணெய் ஓட்டைகள் வழியே கீழே தூங்கிக்கொண்டிருந்தவர்கள் மேல் இறங்கியது. 134 பேர் இறந்தார்கள். தனிக் குழுவின் கையில் அறிவை விட்டுவைத்தால் என்ன ஆகும் என்பது, மிட்வேயில் வென்றவர்களின் கப்பலிலேயே கால் நூற்றாண்டு கழித்துத் தெரியவந்தது. இதன் பிறகுதான் கப்பலேறும் ஒவ்வொருவரும் தீயணைக்கக் கற்றாக வேண்டும் என்பது கடுமையாக நடைமுறைக்கு வந்தது. அன்று எடுக்கப்பட்ட படச்சுருளைப் பல தலைமுறை மாலுமிகள் பயிற்சியில் பார்த்திருக்கிறார்கள். நார்ஃபோக்கில் உள்ள பள்ளிக்கு ஃபேரியரின் பெயர்.

அதுவும் நிலைக்கவில்லை. 2020 ஜூலை 12 அன்று சான் டியாகோ துறைமுகத்தில் பழுதுபார்ப்புக்காக நின்ற 'போனோம் ரிஷார்' என்ற தட்டைத்தளப் போர்க்கப்பலில் தீப்பிடித்தது. எதிரி இல்லை, குண்டு இல்லை, கரை கைக்கெட்டும் தூரத்தில். இருந்தும் நான்கு நாளுக்கு மேல் எரிந்தது. அதற்கு முன் நடந்த தீயணைப்புப் பயிற்சிகளில் தொடர்ந்து 14 முறை, குறித்த நேரத்துக்குள் தீயின் மேல் தண்ணீரோ நுரையோ விழவில்லை என்று கடற்படையின் விசாரணை அறிக்கை கூறியது. நுரை அமைப்பை இயக்கும் பொத்தான் அழுத்தப்படவே இல்லை; அதைப் பற்றிக் கப்பலில் பலருக்குச் சரியாகத் தெரிந்திருக்கவில்லை. பயிற்சியைத் தளரவிட்டதற்காகக் கேப்டன் முதல் அட்மிரல்கள் வரை 36 பேரை அந்த அறிக்கை பொறுப்பாக்கியது. ஆனால் தீ வைத்ததாக ராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டவர் ஒரே ஒரு இளம் கடைநிலை மாலுமி. 2022 செப்டம்பரில் அவர் குற்றமற்றவர் என்று விடுவிக்கப்பட்டார். கப்பல் அதற்கு முந்தைய ஆண்டே உடைப்புக்கு விற்கப்பட்டிருந்தது.